தள்ளிவைக்கப்பட்ட அறிஞர்

வரலாற்று மாணவியாகிய எனக்குப் போர்களும் உடன்படிக்கைகளும் பழகிப்போனவை. எந்த ஆண்டில் எந்த மன்னன் எவனை வென்றான் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்லிவிடுவேன். ஆனால் வாளெடுக்காமல், படை திரட்டாமல், வாடகை அறை ஒன்றில் உட்கார்ந்து கண்ணாடி தேய்த்துக்கொண்டே ஐரோப்பாவின் அரியணைகளையும் ஆலயப் பீடங்களையும் கலங்க வைத்த ஒருவரை எங்கள் பாடநூல் ஐந்தே வரிகளில் முடித்துவிட்டது. பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, எழுதிய நூல், அவ்வளவுதான். அந்த ஐந்து வரிகளில் ஒரு சொல் மட்டும் என்னை விடவில்லை. அவர் தம் சமூகத்தாரால் தள்ளிவைக்கப்பட்டார் என்று அதில் இருந்தது. தள்ளிவைப்பது என்றால் என்ன என்று நம் ஊர்ப்பக்கம் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இருபத்துமூன்று வயது இளைஞன் ஒருவனைத் தள்ளிவைக்கும் அளவுக்கு அவன் என்னதான் செய்துவிட்டான்? இந்தக் கேள்வியோடு நூலகத்துக்குப் போனேன். அங்கே தொடங்கிய தேடலின் பயனே இக்கட்டுரை.

ஸ்பினோசா 1632-ஆம் ஆண்டு நவம்பர் 24-ஆம் நாள் ஒல்லாந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரில் பிறந்தார். வீட்டில் அவர் பெயர் பெந்தோ. யூதர்களின் தொழுகைக் கூடத்தில் பாருக். பின்னாளில் இலத்தீனில் எழுதத் தொடங்கியபோது பெனடிக்டஸ். மூன்றுக்கும் அருள்பெற்றவன் என்ற ஒரே பொருள்தான். அந்த அருள்பெற்றவன் பெற்ற சாபத்தைப் பின்னால் சொல்கிறேன்.

அவருடைய குடும்பம் போர்ச்சுகல் நாட்டிலிருந்து வந்த யூதக் குடும்பம். அந்நாட்டு யூதர்கள் 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டாயமாகக் கிறித்தவர்களாக்கப்பட்டார்கள். வெளியே சிலுவை, உள்ளே பழைய நம்பிக்கை என்று இரட்டை வாழ்க்கை வாழ்ந்தவர்களைச் சமய விசாரணை மன்றம் வேட்டையாடியது. சிறை, சித்திரவதை, தீ. அந்தத் தீக்குத் தப்பியவர்கள் பலர் ஆம்ஸ்டர்டாமில் வந்து குடியேறினார்கள். ஸ்பினோசாவின் தந்தை மிகாயேல் உலர்ந்த பழங்களும் எண்ணெயும் வரவழைத்து விற்ற வணிகர், சமூகத்தில் மதிப்புள்ளவர். தாய் ஹன்னா, மகனுக்கு ஆறு வயது நிறையும் முன்பே, 1638-இல் மறைந்துவிட்டார். மகன் யூதப் பள்ளியில் எபிரேய மொழியும் வேதமும் கற்றான். அண்ணன் இறந்ததும் தந்தைக்கு உதவியாகக் கடையில் அமர்ந்தான். 1654-இல் தந்தையும் போய்ச் சேர்ந்தார். தம்பி கபிரியேலும் இவரும் சேர்ந்து கடையை நடத்தினார்கள். தந்தை விட்டுச் சென்ற சொத்தைவிடக் கடனே பெரிதாக இருந்தது.

இதற்கிடையில் அவர் இன்னொரு பள்ளிக்கும் போகத் தொடங்கியிருந்தார். பிரான்சிஸ்கஸ் வான் டென் எண்டன் என்பவர் நகரில் இலத்தீன் பள்ளி ஒன்று வைத்திருந்தார். முன்பு சேசு சபையில் இருந்து வெளியேறியவர், நாடகம் போடுபவர், குடியாட்சிக் கொள்கையர். பிற்காலத்தில் பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயிக்கு எதிரான சதியில் சிக்கி 1674-இல் பாரிசில் தூக்கிலிடப்பட்டார் என்றால் அவர் எப்படிப்பட்ட ஆசிரியராக இருந்திருப்பார் என்று ஊகித்துக் கொள்ளுங்கள். இலத்தீன்தான் அக்காலத்தில் அறிவுலகின் வாசல். அந்த வாசல் வழியாகப் புதிய அறிவியலும், டேக்கார்ட் என்னும் பிரெஞ்சு அறிஞரின் தத்துவமும் இளைஞருக்கு அறிமுகமாயின. எதையும் தெளிவாகவும் ஐயமறவும் அறிந்த பிறகே ஏற்க வேண்டும் என்பது டேக்கார்ட்டின் போதனை. அதை அவர் கணிதத்துக்கும் இயற்கைக்கும் பயன்படுத்தினார். வேதத்தின் பக்கம் கொண்டுபோகவில்லை. நம் இளைஞர் கொண்டுபோனார்.

1656-ஆம் ஆண்டு ஜூலை 27-ஆம் நாள். ஆம்ஸ்டர்டாம் யூதர்களின் தொழுகைக் கூடத்தில், வேதச் சுருள்கள் வைக்கப்பட்ட பேழையின் முன் போர்ச்சுகீசிய மொழியில் ஒரு தீர்ப்பு வாசிக்கப்பட்டது. பகலும் இரவும், படுக்கும்போதும் எழும்போதும், வெளியே போகும்போதும் உள்ளே வரும்போதும் அவன் சபிக்கப்பட்டவன் என்றது அந்தத் தீர்ப்பு. அவனோடு யாரும் பேசக்கூடாது. எழுத்திலும் தொடர்பு கூடாது. அவன் இருக்கும் கூரையின்கீழ் இருக்கக்கூடாது. நான்கு முழ தூரத்துக்குள் நெருங்கக்கூடாது. அவன் எழுதிய எதையும் படிக்கக்கூடாது. கவனியுங்கள், அதுவரை அவர் ஒரு நூலும் வெளியிட்டதில்லை! இன்னும் எழுதாத நூல்களுக்கே முன்கூட்டித் தடை போட்டார்கள். அவர் கொண்ட தீய கொள்கைகளும் செய்த கொடுஞ்செயல்களும் இன்னவை என்று தீர்ப்பு விளக்கவில்லை. ஆன்மா அழியும், வேதம் மனிதர் எழுதியது, கடவுள் இயற்கைக்கு வெளியே இல்லை என்பன போன்ற எண்ணங்களை அவர் பேசியிருக்க வேண்டும் என்று பின்வந்த நூல்களைக் கொண்டு அறிஞர்கள் கருதுகிறார்கள்.

அந்த யூதப் பெரியவர்களை வெறும் கொடியவர்களாக எண்ண என் மனம் இடந்தரவில்லை. அவர்கள் அகதிகள். நகரம் தந்த தயவில் ஒண்டியிருந்தவர்கள். கடவுளை மறுப்பவர்களுக்கு இடம் கொடுக்கிறார்கள் என்ற பேச்சு எழுந்தால் தங்கள் அனைவரின் இருப்பும் ஆட்டங்காணும் என்று அஞ்சினார்கள். ஆயினும் ஒன்றை மறக்க முடியவில்லை. கருத்துக்காகத் தண்டிக்கப்படுவது என்றால் என்ன என்பதை உலகில் வேறு எவரையும்விட நன்றாக அறிந்தவர்கள் அவர்கள். இதற்கு முன்பே ஊரியல் ட கோஸ்தா என்பவரையும் இதே சமூகம் தள்ளிவைத்தது. அவர் மன்னிப்புக் கேட்டு மீள வந்தபோது முப்பத்தொன்பது கசையடி கொடுத்து, வாசற்படியில் படுக்க வைத்து, அனைவரும் அவரைத் தாண்டிப் போகச் செய்தார்கள். அவமானம் தாளாமல் அவர் 1640-இல் தம்மைச் சுட்டுக்கொண்டு மாண்டார். அப்போது ஸ்பினோசா சிறு பையன். ட கோஸ்தா திரும்பிப் போனார், அழிந்தார். ஸ்பினோசா திரும்பிப் போகவே இல்லை. கடையையும் தம்பியையும் தெருவையும் விட்டு வெளியேறினார். வேறு மதத்திலும் சேரவில்லை. எந்தச் சமயக் கூட்டத்தையும் சேராத ஒரு மனிதன் வாழ முடியும் என்பதே அக்காலத்துக்குப் புதுமை.

தந்தையின் சொத்து பற்றிச் சகோதரி வழக்குக்கு வந்தபோது அவர் நீதிமன்றம் சென்று தம் உரிமையை நிலைநாட்டி, பிறகு ஒரு கட்டிலையும் அதன் திரைச்சீலையையும் மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதையெல்லாம் விட்டுக்கொடுத்தார் என்று ஒரு பழைய செய்தி உண்டு. உரிமை வேறு, ஆசை வேறு என்று அவர் பிரித்துப் பார்த்த விதம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

வயிற்றுப்பாட்டுக்கு ஒரு கைத்தொழில் வேண்டுமே! கண்ணாடியைத் தேய்த்து வில்லை செய்யும் தொழிலைக் கற்றார். நுண்ணோக்கிகளும் தொலைநோக்கிகளும் புதிதாக வந்துகொண்டிருந்த காலம் அது. சனிக் கோளின் வளையத்தை விளக்கிய கிறிஸ்டியான் ஹைகன்ஸ் என்னும் பெரிய விஞ்ஞானியே அவருடைய வில்லைகளின் மெருகைப் புகழ்ந்து கடிதம் எழுதியிருக்கிறார். புகழ்ந்தவர் அவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடாமல் வூர்பர்க் ஊர் யூதன் என்றே குறிப்பிட்டார் என்பதும் உண்மை. உலகம் அப்படித்தான் இருந்தது.

1661 வாக்கில் லைடன் நகரத்துக்கு அருகிலுள்ள ரைன்ஸ்பர்க் என்னும் சிற்றூர், 1663-இல் வூர்பர்க், பிறகு ஹேக் நகரம் என்று அவர் இடம் மாறிக்கொண்டே இருந்தார். எல்லாம் வாடகை அறைகள். கடைசி ஆறு ஆண்டுகள் ஹேக் நகரில் ஹெண்ட்ரிக் வான் டெர் ஸ்பைக் என்னும் ஓவியரின் வீட்டு மாடியில் கழிந்தன.

அந்த வாழ்க்கையை நாம் நெருங்கிப் பார்ப்பதற்கு ஒரு விந்தையான சாட்சி இருக்கிறார். கொலேரஸ் என்னும் கிறித்தவப் பாதிரியார். ஸ்பினோசா இறந்து பல ஆண்டுகளுக்குப் பின் ஹேக் நகருக்கு வந்தவர், ஸ்பினோசா முன்பு குடியிருந்த அறை ஒன்றிலேயே தற்செயலாகக் குடியிருக்க நேர்ந்தது. ஸ்பினோசாவின் கொள்கை அவருக்கு நஞ்சு. ஆனாலும் வீட்டுக்காரர்களிடம் விசாரித்து, பழைய கணக்குச் சீட்டுகளைக்கூடத் தேடிப் பார்த்து, நேர்மையாக ஒரு வரலாறு எழுதினார். ஒரு நாள் முழுவதும் வெண்ணெய் போட்ட பாற்கஞ்சியும் ஒரு குவளை பீரும் மட்டுமே அருந்திக் கழித்தார். இன்னொரு நாள் உலர்ந்த திராட்சை இட்ட கூழ். மாதத்துக்கு இவ்வளவு மது என்று அவர் கணக்குச் சொல்கிறார். எப்போதாவது புகை பிடிப்பார். ஓய்வில் கரியால் உருவப்படங்கள் வரைவார். நேப்பிள்ஸ் நகரில் வரிக்கொடுமையை எதிர்த்துக் கலகம் செய்த மசானியெல்லோ என்னும் மீனவனின் உடையில், தம்முடைய முகச் சாயலோடே ஒரு படம் வரைந்திருந்தாராம். அமைதியே உருவான மனிதர் தம்மைக் கலகக்காரனாக வரைந்து பார்த்திருக்கிறார்! சிலந்திகளைச் சண்டையிட விட்டுப் பார்த்துச் சிரிப்பார் என்ற செய்தி எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனால் பாதிரியார் எழுதியிருக்கிறார், நான் மறைக்கக்கூடாது.

வீட்டுக்கார அம்மையார் ஒரு நாள், தாம் பின்பற்றும் மதத்தில் இருந்தே தமக்கு நற்கதி கிடைக்குமா என்று அவரிடம் கேட்டார். உங்கள் மதம் நல்லதே, அமைதியாகவும் பக்தியாகவும் வாழ்ந்தால் வேறொன்றைத் தேட வேண்டியதில்லை என்ற கருத்தில் அவர் பதில் சொன்னார். சிந்தனையை அனைவர் தலையிலும் திணிக்கும் அவா அவரிடம் இல்லை. சீமோன் தெ விரீஸ் என்ற செல்வ நண்பர் இரண்டாயிரம் கில்டர் பணம் கொடுக்க வந்தபோது மறுத்தார். சாகும்போது அந்த நண்பர் ஆண்டுக்கு ஐந்நூறு கில்டர் தரும்படி தம்பிக்குச் சொல்லிச் சென்றார். அது மிகுதி என்று முந்நூறாகக் குறைத்துக்கொண்டார்.

இனி அவர் சிந்தனைக்கு வருவோம். அதைச் சொல்லாமல் உணவையும் உடையையும் மட்டும் சொன்னால் எங்கள் பாடநூல் செய்த பிழையையே நானும் செய்தவளாவேன்.

அறிவு எத்தனை வகைப்படும் என்பதற்கு அவர் ஓர் எளிய கணக்கைக் காட்டுகிறார். ஒன்றுக்கு இரண்டு எப்படியோ அப்படி மூன்றுக்கு எது? வணிகன் ஒருவன், இரண்டையும் மூன்றையும் பெருக்கி ஒன்றால் வகு என்று ஆசிரியர் சொன்னதை நினைவில் வைத்து ஆறு என்பான். ஏன் என்று கேட்டால் அவனுக்குத் தெரியாது. இது கேள்வி அறிவு. கணிதம் கற்றவன் யூக்ளிடின் நிரூபணத்தால் ஆறு என்பான். இது பகுத்தறிவு. மூன்றாமவன் எண்களைப் பார்த்த மாத்திரத்தில், எந்த வழிமுறையும் இல்லாமல், அவற்றின் உறவை நேரே கண்டு ஆறு என்பான். இது உள்ளுணர்வால் காணும் அறிவு. மூவருக்கும் விடை ஒன்றே. ஆனால் முதலாமவன் நாளை தவறாகச் சொல்லிக் கொடுக்கப்பட்டால் தவறாகவே சொல்வான். தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் நம்மில் பெரும்பாலோர் எந்த வகை என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இயற்கைக்கு அப்பால் வானத்தில் அமர்ந்து கோபிக்கவும் மகிழவும் செய்யும் கடவுளை அவர் ஏற்கவில்லை. இருப்பது ஒரே பொருள்; அதுவே கடவுள், அதுவே இயற்கை. அதிலிருந்து எல்லாம் விதிப்படி விளைகின்றன. மனிதனும் அதற்கு விலக்கல்ல. எறியப்பட்ட கல்லுக்கு நினைவு இருந்தால், தன் விருப்பத்தால்தான் பறக்கிறேன் என்று அது எண்ணிக்கொள்ளும் என்று நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் உவமை காட்டுகிறார். மனிதரும் தம் ஆசைகளை அறிகிறார்கள், ஆசைகளின் காரணங்களை அறிவதில்லை. அப்படியானால் விடுதலையே இல்லையா? உண்டு. காரணங்களை அறிய அறிய, சினமும் அச்சமும் பொறாமையும் நம்மை ஆளும் ஆற்றல் குறைகிறது. அறிவே விடுதலை என்பது அவருக்கு வெறும் மேடைப்பேச்சு அன்று. அவர் வகுத்த உளவியல்.

ஆனால் உள்ளத்தின் விடுதலை மட்டும் போதுமா? நாடு சிந்திக்க விடாவிட்டால் என்ன செய்வது? இக்கேள்விக்கு அவர் எழுதிய விடைதான் 1670-இல் வெளிவந்த சமய அரசியல் ஆய்வு நூல். அதில் ஆசிரியர் பெயர் இல்லை. அச்சிட்ட ஊர் ஹாம்பர்க் என்று பொய்யாகப் போடப்பட்டிருந்தது. உண்மையில் அச்சிட்டவர் ஆம்ஸ்டர்டாம் பதிப்பாளர் யான் ரியூவெர்ட்ஸ். இயற்கையை ஆராய்வது போலவே வேதத்தையும் ஆராய வேண்டும், அதன் மொழி என்ன, எழுதியவர் யார், எந்தக் காலம், யாருக்காக என்று கேட்க வேண்டும் என்றார். மோசேயின் நூல்கள் எனப்படுபவை மோசே எழுதியவையாக இருக்க முடியாது என்று காட்டினார். வேதம் கற்பிப்பது தத்துவம் அன்று, நீதியும் அன்புமே என்றார்.

நூலின் கடைசி அதிகாரம் என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை. ஒரு மனிதன் தன் நிலத்தை, உழைப்பை, உயிரைக்கூட இன்னொருவனிடம் ஒப்படைக்கலாம். தனக்காகச் சிந்திக்கும் ஆற்றலை மட்டும், தானே விரும்பினாலும், ஒப்படைக்க முடியாது. ஆகவே எண்ணங்களை ஆள நினைக்கும் அரசு முடியாத செயலில் இறங்குகிறது. அதன் விளைவு என்ன? மக்கள் ஒன்றை நினைத்து வேறொன்றைப் பேசுவார்கள். முகத்துதியும் வஞ்சகமும் பெருகும். கருத்துகளுக்கு எதிரான சட்டம் கயவரை ஒன்றும் செய்யாது, நேர்மையாளரையே வதைக்கும். அரசின் நோக்கம் மக்களை விலங்குகளாகவோ பொம்மைகளாகவோ ஆக்குவது அன்று. அச்சமின்றித் தம் அறிவைப் பயன்படுத்த விடுவதே. செயலை அரசு தடுக்கலாம், அரசைக் கவிழ்க்கத் தூண்டும் பேச்சைத் தடுக்கலாம். அதற்கு மேல் கூடாது. இதற்கு எடுத்துக்காட்டாக எந்த நகரைச் சொன்னார் தெரியுமா? ஆம்ஸ்டர்டாம்! அங்கே ஒருவனுக்குப் பொருளைக் கடனாகக் கொடுக்கும்போது அவன் ஏழையா பணக்காரனா, நாணயமானவனா இல்லையா என்றுதான் பார்ப்பார்கள், எந்த மதம் என்று பார்ப்பதில்லை என்று புகழ்கிறார். தம்மைத் தள்ளிவைத்த ஊரை இப்படி எழுத எத்தனை பேருக்கு மனம் வரும்?

இங்கே ஒரு முள் இருக்கிறது. அதைச் சொல்லாமல் போக என்னால் முடியாது.

ஸ்பினோசாவின் நண்பர் வட்டத்தில் அட்ரியான் கூர்பாக் என்று ஒருவர் இருந்தார். மருத்துவமும் சட்டமும் படித்தவர். ஏறக்குறைய இதே கருத்துகள்தான். ஆனால் அவர் இலத்தீனில் எழுதவில்லை. தாய்மொழியாகிய டச்சு மொழியில், சாதாரண மக்கள் படிக்கும்படி எழுதினார். அறிஞர்களும் வழக்கறிஞர்களும் பாதிரிமார்களும் புரியாத அயற்சொற்களைக் கொண்டு மக்களை மருட்டுகிறார்கள் என்று கருதி, அச்சொற்களுக்கெல்லாம் டச்சில் பொருள் சொல்லும் அகராதி ஒன்றை 1668-இல் வெளியிட்டார். பூந்தோட்டம் என்று அதற்குப் பெயர். அந்தப் பூந்தோட்டத்தில் சமயக் கொள்கைகளுக்கும் பொருள் சொல்லப்பட்டிருந்தது. அடுத்த நூலை அச்சுக்கு அனுப்பியபோது அச்சகத்தாரே காட்டிக்கொடுத்துவிட்டார். தப்பி ஓடியவரைப் பணத்துக்காக ஒருவன் பிடித்துக் கொடுத்தான். பத்தாண்டுச் சிறை, அதன்பின் பத்தாண்டு நாடுகடத்தல், நாலாயிரம் கில்டர் அபராதம். சிறையில் ஓராண்டு கழிந்ததும் 1669-இல் மாண்டுபோனார். இலத்தீனில் எழுதியிருந்தால் அவருக்கு இவ்வளவு கொடிய தண்டனை கிடைக்காமல் போயிருக்கலாம்.

அடுத்த ஆண்டு ஸ்பினோசாவின் நூல் வருகிறது; இலத்தீனில். அதை யாரோ டச்சு மொழியில் பெயர்த்து அச்சிடப் போகிறார்கள் என்று 1671-இல் கேள்விப்பட்டதும், எப்படியாவது அதைத் தடுத்துவிடும்படி யாரிக் யெல்லஸ் என்னும் நண்பருக்குக் கடிதம் எழுதினார். டச்சில் வந்தால் நூலுக்குத் தடை வரும் என்பது அவர் அச்சம். அவர் முத்திரையில் ஒரு ரோசாப்பூவும், எச்சரிக்கையாக இரு என்று பொருள்படும் ஓர் இலத்தீன் சொல்லும் பொறிக்கப்பட்டிருந்தன.

தமிழ்வழியில் படித்து வந்தவள் நான். அறிவு மக்கள் மொழியில் கிடைக்காவிட்டால் எங்களைப் போன்றவர்கள் இந்த வாசலையே மிதித்திருக்க மாட்டோம். ஆகவே அந்தக் கடிதச் செய்தியைப் படித்தபோது எனக்கு அவர்மீது சினம் வந்தது. சிந்தனை உரிமை எல்லோருக்கும் என்று எழுதிவிட்டு, அதைப் படிக்கும் உரிமையை இலத்தீன் அறிந்தவர்க்கு மட்டும் ஒதுக்குவதா? கூர்பாக் அல்லவா உண்மை வீரர்? இதை எங்கள் பேராசிரியரிடம் கேட்டேன். அவர் நேரடியாக விடை சொல்லவில்லை. கூர்பாக்கின் நூலைப் படித்திருக்கிறாயா என்று திருப்பிக் கேட்டார். இல்லை என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் போய்விட்டார். அச்சேறி முடியாமலே அந்த நூல் நிறுத்தப்பட்டது; அது முழுவதும் அச்சில் வெளிவர 20-ஆம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது. ஸ்பினோசாவின் நூலோ 1674-இல் தடை செய்யப்படும் முன் ஐரோப்பா முழுவதும் பரவிவிட்டது. பேராசிரியரின் மௌனம் என் சினத்தைக் குறைத்தது. முழுவதும் போக்கிவிட்டது என்று சொன்னால் அது பொய்.

அந்த எச்சரிக்கையான மனிதரும் ஒரு நாள் எச்சரிக்கையை மறந்தார். 1672-இல் பிரெஞ்சுப் படை நாட்டுக்குள் புகுந்தது. ஆட்சித் தலைவராயிருந்த யோகான் தெ விட் மீது மக்கள் கோபம் திரும்பியது. ஆகஸ்டு 20-ஆம் நாள் ஹேக் நகரச் சிறை வாசலில் அவரையும் அவர் அண்ணனையும் ஒரு கும்பல் கொன்று, உடல்களைச் சிதைத்துத் தொங்கவிட்டது. ஸ்பினோசா கண்ணீர் விட்டார். கொலை நடந்த இடத்தின் அருகே, இதைச் செய்தவர்கள் காட்டுமிராண்டிகளிலும் கடையர் என்று எழுதி ஒட்டுவதற்காக இரவில் கிளம்பினார். வீட்டுக்காரர் கதவைப் பூட்டித் தடுத்துவிட்டார். இல்லாவிட்டால் மூன்றாவது உடலும் அங்கே தொங்கியிருக்கும். பின்னாளில் அவரைக் காண வந்த ஜெர்மன் தத்துவ அறிஞர் லைப்னிட்ஸ் மூலம் நமக்குத் தெரியவரும் செய்தி இது. வாழ்நாளில் அவர் கட்டிக்காத்த அமைதியெல்லாம் அந்த ஓர் இரவில் உடைந்தது கண்டு எனக்கு அவர்மீது அன்பே பெருகுகிறது.

1673-இல் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி தேடி வந்தது. சிந்திக்க முழு உரிமை உண்டு, நாட்டின் சமயத்தைக் கலக்காதிருந்தால் போதும் என்பது நிபந்தனை. அந்த எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை என்று பணிவாக எழுதி மறுத்துவிட்டார்.

அவருடைய பெரு நூலாகிய அறவியல் 1675-இல் முடிந்தது. யூக்ளிடின் வடிவியல் போல வரையறை, மெய்க்கோள், நிரூபணம் என்று அமைந்த நூல். அச்சிடப் போனார், கடவுள் இல்லையென்று காட்டும் நூல் வரப்போகிறது என்று வதந்தி கிளம்பியது, திரும்பி வந்து மேசைக்குள் பூட்டி வைத்தார். அதன்பின் அரசியல் பற்றி ஒரு நூல் தொடங்கினார். முடியாட்சி, உயர்குடியாட்சி இரண்டையும் முடித்துத் தாம் மிகவும் விரும்பிய குடியாட்சிக்கு வந்தார். அந்த அதிகாரத்தின் தொடக்கத்திலேயே நூல் நின்றுவிட்டது. நின்ற இடத்தைப் படித்துப் பார்த்தேன். குடியாட்சியில் பெண்களுக்கு ஏன் இடமில்லை என்பதற்குக் காரணம் சொல்லிக்கொண்டிருக்கிறார்! எங்கும் பெண்கள் ஆண்களின் ஆட்சியில்தான் இருக்கிறார்கள், ஆகவே அது இயற்கை என்பது வாதம். உள்ளதைக் கொண்டே உள்ளது சரி என்று நிறுவும் இந்த வாதத்தை வேறு எவர் சொல்லியிருந்தாலும் ஸ்பினோசாவே கிழித்துப் போட்டிருப்பார். வான் டென் எண்டனின் மகள் கிளாரா மரியா தந்தையின் பள்ளியில் இலத்தீன் கற்பித்தவள் என்று கொலேரஸ் எழுதுகிறார். அப்பள்ளிக்குச் சென்றவர் இதை எழுதினார் என்பதுதான் எனக்கு வியப்பு. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அன்று நேரத்தோடு வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் திரும்பவும் எடுத்தேன்.

நுரையீரல் நோய் பல ஆண்டுகளாக அவரை அரித்துக்கொண்டிருந்தது. கண்ணாடித் தூள் அதை வளர்த்திருக்கும் என்பது பலர் கருத்து. 1677-ஆம் ஆண்டு பிப்ரவரி 21, ஞாயிற்றுக்கிழமை. நண்பகலில் கோழி ரசம் விரும்பிச் சாப்பிட்டார். வீட்டார் பிற்பகல் வழிபாட்டுக்குக் கோயிலுக்குப் போய்த் திரும்புவதற்குள் உயிர் பிரிந்துவிட்டது. வயது நாற்பத்து நான்கு. மிச்சமிருந்தவை சில துணிகள், தேய்க்கும் கருவிகள், ஏறத்தாழ 160 நூல்கள், பூட்டிய எழுத்து மேசை ஒன்று.

தாம் இறந்ததும் அந்த மேசையை உடனே ஆம்ஸ்டர்டாமுக்கு, பதிப்பாளர் ரியூவெர்ட்ஸுக்கு அனுப்பிவிடும்படி வீட்டுக்காரரிடம் சொல்லி வைத்திருந்தார். மேசை படகில் போயிற்று. அதில் பணம் இருக்கும் என்று எண்ணிய உறவினர்கள், அது யாருக்கு அனுப்பப்பட்டது என்று படகுக்காரர்களிடம் விசாரிக்கப் போவதாகப் பேச்சு வந்தது. உள்ளே இருந்தது காகிதம். அவ்வாண்டு முடிவதற்குள் நண்பர்கள் அதை அச்சேற்றிவிட்டார்கள். ஆசிரியர் பெயர் மூன்று எழுத்துகளில் மட்டும். இலத்தீனில் ஒன்று, அதே ஆண்டில் டச்சு மொழியிலும் ஒன்று! 1678-இல் அரசு தடை விதித்தது.

பிற்காலம் அவருக்குச் சிலை வைத்தது. 1972-இல் நெதர்லாந்தில் வெளிவந்த ஆயிரம் கில்டர் நோட்டில் அவர் முகம் இருந்தது. ஐந்நூறு மிகுதி என்று முந்நூறாகக் குறைத்துக்கொண்டவரின் முகம். ஐன்ஸ்டைன் தாம் நம்புவது ஸ்பினோசாவின் கடவுளையே என்று 1929-இல் அறிவித்தார். தள்ளிவைப்பு ஆணையை நீக்கலாமா என்ற கேள்வி ஆம்ஸ்டர்டாம் யூதச் சமூகத்தில் மீண்டும் எழுந்தபோது, 2013-இல் சமயத் தலைவர் மறுத்துவிட்டார்.

அறவியல் நூலின் கையெழுத்துப் படி ஒன்றுகூட மிஞ்சவில்லை என்றுதான் அறிஞர்கள் நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 2010-இல் ரோமாபுரியில், வாத்திகன் நூலகத்தில் ஒரு படி அகப்பட்டது. ஸ்பினோசாவின் பழைய நண்பராயிருந்து கத்தோலிக்கராக மாறிய ஸ்டென்சன் என்னும் அறிஞர், இந்நூலைத் தடுக்க வேண்டும் என்று கூறி 1677-இல் சமய விசாரணை மன்றத்திடம் ஒப்படைத்த படி அது. அவருடைய முன்னோரை வேட்டையாடிய அதே பெயருள்ள மன்றம் அதைப் பல நூற்றாண்டு பத்திரமாக வைத்திருந்தது. அந்தப் படியில் நூலின் பெயரும் இல்லை, எழுதியவர் பெயரும் இல்லை.